பத்தாவது ஆள்

பெரெந்த்வார் நகரம்,
1895 செப்டம்பர் 8

அன்பு அக்கா மால்வினுக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் நானும் ஒத்தீலியாவும் சௌக்கியம். அவளுக்கு மட்டும் கொஞ்சம் மார்ச்சளி. வாத்துக் கொழுப்பைச் சூடாக்கித் தடவச் சொல்லியிருக்கிறார் டாக்டர். உன் முழங்கால் வலி தேவலையா?

ஒரு பெரிய செய்தி. அடுத்த வருஷம் நம் நாட்டுக்கு ஆயிரம் வயது நிறைகிறது. அந்தக் கொண்டாட்டத்துக்காக நம் பெரெந்த் மாவட்டத்தைப் பற்றி ஒரு நூல் வரப்போகிறது. வரலாறு, மக்கள், ஆட்சி என்று மூன்று பாகம். அதை எழுதும் பொறுப்பை அலிஷ்பான் வெல்தேய் அவர்கள் வேறு யாருக்கும் கொடுக்காமல் எனக்குக் கொடுத்திருக்கிறார். அரசர் அனுப்பும் ஆளுநர் கையெழுத்துப் போடுவதோடு சரி, மாவட்டத்தை ஆள்வது அவருக்கு அடுத்த அதிகாரியான அலிஷ்பான்தான் என்பது உனக்குத் தெரியாததல்ல. அவர் கண்ணில் படுவது லேசான காரியமா?

உன் தோவிஷ் கிராமத்தைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்பு. நல்லதாகவே இருக்கட்டும். நவம்பரில் மாவட்டச் சபை கூடுகிறது. வழக்கம்போல உன் இடத்தில் நான் இருப்பேன், கவலை வேண்டாம்.

ஒத்தீலியா ஞாபகப்படுத்துகிறாள். மாவு தீர்ந்து ஒரு வாரமாகிறது.

உன் கையை முத்தமிடும் தம்பி,
பெர்தலான்


தோவிஷ்,
1895 செப்டம்பர் 19

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது. இரண்டும் இத்தனை வருஷம் ஒன்றாக வாழ்ந்துவிட்டன, இனிப் பிரியாது. உன் மனைவிக்கு வாத்துக் கொழுப்பைவிட வெங்காயச் சாறு நல்லது.

நாலு வரி கேட்டாய். எழுதிக்கொள்.

வரலாறு: தலைவன் பெரெந்த் வெள்ளைக் குதிரையில் திசா ஆற்றை நீந்திக் கடந்து இந்த மண்ணைப் பிடித்தானாம். கோடையில் கடந்திருப்பான். அப்போது அங்கே வாத்துக்குக்கூட முழங்கால் நனையாது. பிறகு துருக்கியர் வந்தார்கள், எரித்தார்கள், போய்விட்டார்கள். அதன்பின் நம் பிரபுக்கள் வந்தார்கள். இவர்கள் போகவில்லை.

மக்கள்: தோவிஷில் இரண்டு தெரு. ஒன்றில் குடியானவர்கள். மற்றதில் பிரபுக்கள். இந்தப் பிரபுக்களிடம் காலுக்கு பூட்ஸ் கிடையாது, ஆனால் பெட்டியில் நாய்த்தோல் உண்டு. எவனோ ஓர் அரசன் என்றைக்கோ எழுதிக் கொடுத்த பிரபுப் பட்டயத்துக்கு ஊர் வைத்த பெயர் அது. நம் வீட்டிலும் ஒன்று இருந்தது. நான் ஆலைக்காரர் கெசெக்கைக் கட்டிக்கொண்ட அன்று நீ அதைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குப் போனாய். என்னிடம் இருந்தால் அதில் மாவு பட்டுவிடும் என்று பயந்தாயோ என்னவோ. போன மாதம் அணைக்கு மண் சுமக்க ஆள் கூப்பிட்டபோது பிரபுத் தெருக் கிழவர் கோர்ஷா வெறுங்காலோடு வந்து நின்று, "மண்ணு சொமக்கிற வம்சமா நாங்க? வேணும்னா மேல்பார்வ பாக்கறோம்" என்றார். பாகம் இரண்டுக்கு இது போதும்.

ஆட்சி: அதிக வரி கட்டுகிறவருக்குத் தேர்தல் இல்லாமலே சபையில் இடம். என் நீராவி ஆலையும் நிலமும் கட்டும் வரியால் எனக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் நான் பெண். பணம் கட்டலாம், உட்காரக் கூடாது. எனக்குப் பதில் ஓர் ஆண் உட்கார வேண்டும். என் நாற்காலியில் உன் பின்புறம் இருப்பது அப்படித்தான்.

இனி நான் சொல்வதைச் சிரிக்காமல் படி. ஆற்று வளைவில் ஊரைக் காக்கும் மண் அணை செத்துக்கொண்டிருக்கிறது. வெண்ணெயை வெட்டுவதுபோல மண்வெட்டி உள்ளே இறங்குகிறது. அணையை உயர்த்த ஒதுக்கிய பணத்தை எடுத்து மாவட்டச் சபைக் கட்டடத்தில் விருந்து மண்டபமும், தலைவன் பெரெந்த் ஆற்றைக் கடக்கும் ஓவியமும் செய்யப்போகிறார் வெல்தேய். வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். இவர்கள் விருந்து போடுகிறார்கள்.

சபையில் கூச்சல் போட்டுத்தான் முடிவெடுப்பார்கள். எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்று வெல்தேய் காதுதான் தீர்ப்புச் சொல்லும். ஆனால் பத்து உறுப்பினர் எழுந்து நின்று கேட்டால் ஒவ்வொருவர் பேராகக் கூப்பிட்டு வாக்கெடுக்க வேண்டும். பேர் சொல்லிக் கேட்டால் பாதிப்பேருக்கு வெட்கம் வரும், அவர்கள் நிலமும் ஆற்றங்கரையில்தானே இருக்கிறது. நம் போதகர் சிக்ஸாய் தன்னையும் சேர்த்து ஒன்பது பேரைத் திரட்டிவிட்டார். பத்தாவது நீ. ஒன்றும் பேச வேண்டாம். எழுந்து நின்றால் போதும்.

இரண்டு மூட்டை மாவும், பிளம் ஜாம் ஒரு ஜாடியும் வண்டியில் வருகின்றன. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
மால்வின்


பெரெந்த்வார்,
1895 அக்டோபர் 10

அன்பு அக்காவுக்கு,

அனைவரும் நலம். நீயும் அவ்வாறே இருக்கப் பிரார்த்திக்கிறேன். மாவு வந்தது. உன் ஆலை மாவில் கசகசா ரொட்டி செய்தால் அதன் ருசியே தனி என்று வெல்தேய் சீமாட்டியே சொன்னாள். ஆம், எங்களை விருந்துக்கு அழைத்திருந்தார்கள். கெண்டை மீன் பரிமாறினார்கள்.

உன் நகைச்சுவையை ரசித்தேன். நூலில் சேர்க்க முடியாது. முதல் பாகம் முடிந்துவிட்டது. தொடக்கம் இப்படி: "பொங்கி வந்த திசா நதி தலைவன் பெரெந்தின் வீரக் குதிரையைக் கண்டு தலைவணங்கி வழிவிட்டது." வெல்தேய் அவர்கள் இதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மண்டப ஓவியத்துக்கும் இதுவே கரு. மியூனிக்கில் படித்த ஓவியர் வந்திருக்கிறார். தலைவனின் முகத்துக்கு மாதிரியாக அவர் வெல்தேய் அவர்களையே உட்காரவைத்திருக்கிறார்.

மாவட்ட ஆவணக் காப்பாளர் பதவி காலியாகிறது. யாரை நியமிப்பது என்று பேச்சு வந்தபோது வெல்தேய் அவர்கள் என் தோளில் கை வைத்தார். சபை உறுப்பினராக இருப்பவருக்கே முன்னுரிமையாம்.

அணை விஷயம் என் நெஞ்சில் இருக்கிறது. இப்படிப்பட்ட காரியங்களைப் பக்குவமாகக் கையாள வேண்டும், அக்கா.

ஒத்தீலியா உன்னைத் தழுவுகிறாள். கையை முத்தமிடும்,
பெர்தலான்


தோவிஷ்,
1895 அக்டோபர் 27

தம்பிக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள், கெண்டை மீன் நல்ல சத்து.

நதி தலைவணங்கியதா? உன் குதிரைக்கு வணங்கிய நதி என் பன்றிக்கும் வணங்குமா என்று கேட்டுச் சொல். வெல்தேய் குதிரை மேல் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. அவரைச் சுமக்கும் குதிரை நீந்துவது இருக்கட்டும், நடந்தாலே அது அதிசயம். தலைவன் பெரெந்துக்கு இனி மூன்று மோவாய்.

பக்குவம் என்று எழுதியிருக்கிறாய். அம்மா போனபோது உனக்கு ஆறு வயது. உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். வாலாட்டப் போகும்போதுதான் நீ இந்த வார்த்தையைச் சொல்வாய் என்பது எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு சொல் பதில் எழுது. நிற்பாயா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

மால்வின்


பெரெந்த்வார்,
1895 நவம்பர் 21

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் நலம். சபை வேலையில் பதில் எழுதத் தாமதமாயிற்று, மன்னிக்கவும். முழங்காலுக்குக் கம்பளித் துணி சுற்றிக்கொள்கிறாயா?

சபைக் கூட்டம் அமோகம். எல்லோரும் பாரம்பரிய உடையில் வந்திருந்தோம். நான் ரோமம் வைத்த நம் தாத்தாவின் மேலங்கி, கொக்கிறகுத் தொப்பி, இடுப்பில் வாள். ஒத்தீலியா மாடத்திலிருந்து பார்த்து என்னை அடையாளமே தெரியவில்லை என்றாள். வெல்தேய் அவர்கள் ஒரு மணி நேரம் பேசினார். இரண்டு இடத்தில் கண்ணீர் வந்தது. விருந்தில் எட்டு வகை. கடைசியில் ஆளுநர் பழச்சாராயக் கோப்பையை உயர்த்தி நம் மாவட்டம் இன்னும் ஆயிரம் ஆண்டு வாழ்க என்றபோது கூரையே அதிர்ந்தது. ஓவியத்தின் மாதிரிப் படத்தையும் காட்டினார்கள். குதிரை மிக நன்றாக வந்திருக்கிறது.

கையை முத்தமிடும்,
பெர்தலான்

பின்குறிப்பு: அணை விஷயமும் எடுத்துக்கொள்ளப்பட்டது. மிகுந்த அனுதாபத்தோடு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.


தோவிஷ்,
1895 டிசம்பர் 3

தம்பிக்கு,

நான் சுகம். கம்பளி சுற்றியிருக்கிறேன்.

நேற்றுப் போதகர் வந்தார். சேற்றில் வண்டி புதைந்து, பாதி வழி நடந்தே வந்திருக்கிறார். சூப் கொடுத்தேன், குடிக்கவில்லை. தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். நானே கேட்டேன்.

"ஒம்பது பேரு எழுந்தோம்மா," என்றார். "வெல்தேய் விரல் விட்டு எண்ணினாரு. 'ஒம்பது. இன்னும் யாராச்சும் உண்டா?'ன்னு கேட்டுட்டு, நேரா உங்க நாற்காலியப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு."

"என் தம்பி என்ன பண்ணிட்டிருந்தான்?"

"மீசைய முறுக்கிட்டிருந்தாரும்மா."

பிறகு சத்தம் போட்டு முடித்தார்களாம். மண்டபம் ஜெயித்தது.

ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறாய், தம்பி. இறகு, ரோமம், எட்டு வகை. அதில் இந்தச் செய்திக்கு இடமில்லாமல் போயிற்று. உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்காதே என்பார்கள். நீ நினைக்கக்கூட இல்லை, உட்கார்ந்தே இருந்தாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏன் எழவில்லை?

மாவு அனுப்பியிருக்கிறேன். மாவு என்ன பாவம் செய்தது. கிறிஸ்துமஸ் வாழ்த்து.

மால்வின்


பெரெந்த்வார்,
1896 ஜனவரி 30

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் நலம். புத்தாண்டு வாழ்த்துகள் சற்றுப் பிந்தி வருகின்றன.

நீ என்னைத் தவறாக எண்ணிவிட்டாய். நடந்தது இதுதான். என் வாளின் உறை முன்வரிசைப் பெஞ்சின் கால்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. இந்த உடையில் உட்கார்ந்து பழகாதவர்களுக்கு இது புரியாது. இழுத்தால் தாத்தாவின் வாள் வளைந்துவிடும். நான் குனிந்து அதை விடுவிப்பதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. மீசையை முறுக்கியது பதற்றத்தில்.

ஆவணக் காப்பாளர் பதவி எனக்குக் கிடைத்துவிட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மூன்றாம் பாகத்தில் உன் ஊரை மறக்கவில்லை. "தோவிஷ் அணை அலிஷ்பானின் விழிப்பான பார்வையில் பாறையைப் போல் நிற்கிறது" என்று எழுதியிருக்கிறேன். அமைச்சர் வரை போகும் நூல். இப்படி எழுதிவிட்டால் பிற்பாடு அதைப் பாறையாக்க வேண்டிய கடமை அவர்களுக்கு வந்துவிடும் அல்லவா? இதுதான் பக்குவம்.

ஜாம் மிகவும் நன்றாக இருந்தது.

கையை முத்தமிடும்,
பெர்தலான்


தோவிஷ்,
1896 பிப்ரவரி 17

தம்பிக்கு,

நான் சுகம். ஆற்றில் பனிக்கட்டி இரண்டடி கனம். மேலே மலைகளில் இன்னும் பனி விழுகிறது என்று மரம் ஏற்றி வருகிறவர்கள் சொல்கிறார்கள்.

வாள் கதை படித்தேன். அந்த வாளால் நம் தாத்தா ஒரு துருக்கியனையும் வெட்டியதில்லை. நீ அதை வைத்து ஒரு கிராமத்தையே வெட்டிவிட்டாய். குடும்பத்தில் நீதான் வீரன்.

என் நாற்காலியை உன்னிடமிருந்து எடுத்து அணைக்காவலன் வெந்தெலுக்குக் கொடுக்க மனு போட்டேன். அது வெல்தேய் மேசைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. முத்திரை மெழுகின் சிவப்புச் சரியில்லையாம். ஆக, நீ நிம்மதியாக உட்காரலாம்.

பாறையைப் போல் நிற்கிறது என்று எழுதியதை வெந்தெலிடம் வாசித்துக் காட்டினேன். அவன் தொப்பியைக் கழற்றி, "செத்தவங்களப் பத்தி நல்லதாத்தான் பேசணும்மா" என்றான்.

மால்வின்


பெரெந்த்வார்,
1896 மார்ச் 9

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடைசிக் கடிதத்தில் என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. மறந்திருப்பாய். எனக்குக் கொஞ்சம் வயிற்றுக் கோளாறு.

நூல் அச்சாகிவிட்டது. கெட்டி அட்டை, பொன் எழுத்து. உனக்கு முதல் பிரதி அனுப்புகிறேன். மே மாதம் மண்டபத் திறப்பு. அக்கா, நீ கேலி செய்தாலும் உண்மையைச் சொல்கிறேன்: இந்த ஊரில் நான் யார்? பழைய நாய்த்தோலும் வாடகை வீடும் உள்ள ஒருவன். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் வெல்தேய் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். என் உத்தியோகமும் அதிலிருந்து வந்ததுதான். நீ கொடுத்த நாற்காலி. நான் நன்றி மறந்தவனல்ல.

மழை பெய்கிறது. அங்கே தண்ணீர் மரியாதையாக நடந்துகொள்ளும் என்று நம்புகிறேன்.

கையை முத்தமிடும்,
பெர்தலான்


தோவிஷ் அணைக் காவல்வீடு,
1896 மார்ச் 24

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கோயில் பாட்டின் நடுவே மணி வேறு விதமாக அடித்தது. வளைவில் பனிக்கட்டி மலைபோல் அடைத்துக்கொண்டது. குடியானவர் தெரு முழுக்க மண்வெட்டியும் கூடையுமாக ஓடியது. பிரபுத் தெருவும் வந்தது. கோர்ஷா கிழவர் இரவல் குதிரையில் உட்கார்ந்து, "அங்க போடு, இங்க போடு" என்று மேல்பார்வை பார்த்தார். போதகர் அவர் கையில் ஒரு கூடையைத் திணித்தார். கிழவர் அதைத் தன் மகனிடம் கொடுத்தார், மகன் தரையில் வைத்தான். அந்த இடத்தில்தான் முதலில் உடைந்தது.

பச்சை மண் சுவர் வீடுகள் காப்பியில் போட்ட சர்க்கரைபோலக் கரைந்தன. ஆள் சேதம் இல்லை, எல்லோரும் அணையின் மேடான பக்கம் ஏறிவிட்டோம். கோர்ஷா வீட்டில் பட்டயப் பெட்டியைக் காப்பாற்றினார்கள், பன்றியை விட்டுவிட்டார்கள். இப்போது பசிக்கும்போது எடுத்துப் படிக்கிறார்களோ என்னவோ.

என் ஆலை போய்விட்டது. கொதிகலன் அறையின் சுவர் முதலில் போயிற்று. புகைபோக்கி சற்று நேரம் தனியாக நின்றது, பிறகு அதுவும் உட்கார்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் உயிரோடிருந்தபோது செங்கல் செங்கலாகக் கட்டியது. அங்கேயே நின்று அழுதேன், எல்லோரும் பார்க்க. நிலத்தின் மேல் இடுப்பளவு மணல். இனி அங்கே கோதுமை விளைய என் ஆயுள் போதாது.

தண்ணீர் வடியுமுன்பே தபால்காரன் படகில் உன் நூலைக் கொண்டுவந்தான். கடமை தவறாதவன். நான் வெந்தெல் வீட்டில் இருக்கிறேன், அடுப்புக்கு ஒரு கால் உடைந்திருக்கிறது. அதற்குக் கீழே உன் நூலை வைத்தேன். கெட்டி அட்டைதான். ஆயிரம் வருஷத்தில் முதல் முறையாக உங்கள் மாவட்டம் ஒன்றைத் தாங்குகிறது.

மால்வின்


பெரெந்த்வார்,
1896 ஏப்ரல் 11

அருமை அக்காவுக்கு,

உன் கடிதம் படித்து ஒத்தீலியா அழுதாள். நானும் கலங்கிவிட்டேன். அவளுடைய பழைய சால்வை ஒன்றை அனுப்புகிறோம். ஓரத்தில் மட்டும் பூச்சி அரித்திருக்கிறது. முழங்காலை ஈரத்தில் வைக்காதே. வெல்தேய் அவர்கள் மாவட்டத்தின் சார்பில் அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றினார். எல்லோரும் எழுந்து நின்றோம்.

ஒரு சிறு விஷயம். வெள்ளத்தில் இழந்தவர்களுக்கு வரி தள்ளுபடி உண்டு என்று உங்கள் போதகர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நீ அவசரப்பட்டு மனுப் போட்டுவிடாதே. தள்ளுபடி கேட்டால் அதிக வரி கட்டுவோர் பட்டியலிலிருந்து உன் பெயர் விழுந்துவிடும். பெயர் விழுந்தால் இலையுதிர் காலத்தில் நாற்காலியும் போய்விடும். அது போனால் என் உத்தியோகமும் ஆட்டம் காணும். வெல்தேய் நேற்றே என்னை "அந்த ஆலைக்காரியின் தம்பி" என்றார், பெயர் சொல்லவில்லை. ஒரே ஒரு வருஷம் வரியை எப்படியாவது கட்டு, அக்கா. குடும்ப கௌரவம்.

இங்கே மாவு விலை ஏறிவிட்டது.

கையை முத்தமிடும்,
பெர்தலான்


தோவிஷ் அணைக் காவல்வீடு,
1896 ஏப்ரல் 20

பெர்தலானுக்கு,

சால்வை வந்தது. வெந்தெலின் பசு கன்று போட்டிருக்கிறது, அதற்குப் போர்த்தினேன். கன்று சுகம்.

மனுவைப் போன வாரமே கொடுத்துவிட்டேன். இம்முறை மெழுகின் சிவப்பைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பட்டியலிலிருந்து என் பேர் விழுவது வெல்தேய்க்குச் சௌகரியம்தானே. ஆக, நீ என் ஆலையைக் காப்பாற்ற எழவில்லை, உன் நாற்காலியும் அந்த ஆலையோடு போயிற்று. மரம்தானே, மிதக்கும். ஆற்றோரமாகத் தேடிப் பார்.

அனுதாபத்துக்கு எழுந்து நின்றாயாம். வாள் அன்றைக்கு எங்கும் சிக்கவில்லை போலிருக்கிறது.

உன்னை வெறுக்கத்தான் நினைக்கிறேன். ஆறு வயதுப் பையன் நடுவில் வந்து நிற்கிறான், அவனை என்ன செய்வது என்று தெரியவில்லை.

வளைவில் புது அணை போடுகிறோம். மாவட்டம் வரும் என்று காத்திருக்கவில்லை. இரண்டு தெருவும் சுமக்கிறது. கோர்ஷா கிழவர்கூடச் சுமக்கிறார், இருட்டிய பிறகு, யாரும் பார்க்காதபோது. இன்னும் ஆள் போதவில்லை. உத்தியோகம் போன அன்று வா, உனக்கும் ஒரு கூடை வைத்திருக்கிறேன். தாத்தாவின் வாளை வீட்டில் வைத்துவிட்டு வா.

இங்கே எழுந்து நிற்பது கஷ்டமில்லை, தம்பி. உட்கார நாற்காலி கிடையாது.

மால்வின்